காக்கைப் பாறை விளக்கு

எய்லிஃப் முப்பத்தெட்டு வருஷம் விளக்குகளைப் பார்த்துக்கொண்ட ஆள். ஃபியோர்டின் வாயிலிருந்து கடைசி முனைவரை, இருபுறமும் மலை சுவராக நிற்க நூறு கிலோமீட்டர் உள்ளே போகும் அந்தக் கடலில், பாறைக்கு ஒன்று முனைக்கு ஒன்று என்று நாற்பத்து மூன்று விளக்குகள். அத்தனைக்கும் அவர் வெள்ளையடித்திருக்கிறார். அத்தனையின் கண்ணாடியிலிருந்தும் கடற்பறவை எச்சத்தைச் சுரண்டியிருக்கிறார். தோளில் எரிவாயு உருளையைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறிய காலமும் உண்டு, பிறகு பேட்டரியைத் தூக்கிய காலமும் உண்டு. ஆனால் அந்த விளக்குகள் எரியும்போது, எதிரே தண்ணீரில் நின்று, ஒரு கப்பல்காரன் பார்ப்பதுபோல் அவர் பார்த்ததில்லை.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் மனைவி குன்வோருக்குத் தெரியும். வேலை அப்படி. மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பாறைகளில் ஏறுவார்கள்; அப்போது இரவே கிடையாது, விளக்கு எரிந்தாலும் ஒன்றுதான் எரியாவிட்டாலும் ஒன்றுதான். இருட்டுக்காலம் வந்ததும் எய்லிஃப் கரையில், பட்டறைக்குள், பழுதான பாகங்களோடு உட்கார்ந்துவிடுவார். விளக்குக்கு நிறக் கண்ணாடி பொருத்தும் நாளில்கூட, எதிரே படகில் நின்று பார்ப்பவர் பொறியாளர். எய்லிஃப் பாறைமேல், விளக்குக்குப் பின்னால், கையில் திருப்புளியோடு. "இன்னும் ஒரு மயிரிழை வலது" என்று வானொலியில் குரல் வரும். இவர் ஒரு மயிரிழை திருப்புவார். "போதும்." அவ்வளவுதான். வெளிச்சத்தின் முதுகை மட்டும் பார்த்த மனிதர்.

குன்வோருக்கு அவரைத் தெரியவந்ததே பெயிண்டால்தான். அவள் முடிதிருத்தும் கடை திறந்த முதல் வருஷம், தலை முழுக்கச் சிவப்பு பெயிண்டோடு ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்குக்கூண்டின் கூரைக்கு அடித்ததாம், டப்பா கவிழ்ந்துவிட்டதாம். "வெட்டணுமா, கழுவணுமா?" என்றாள். "எது சுலபமோ அது" என்றார். வெட்டினாள். மூன்று வாரம் கழித்து வெள்ளைப் பெயிண்டோடு வந்தார். மூன்றாவது முறை பெயிண்டே இல்லாமல் வந்தார்; முடியும் வளர்ந்திருக்கவில்லை. அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காபி போட்டாள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது கடையை மூடிவிட்டு, வெளியே வரமுடியாத வயசாளிகளின் வீட்டுக்கே போய் முடி வெட்டுகிறாள். ஃபியோர்டின் இரண்டு கரையிலும் அவள் கத்தரி போகாத சமையலறை குறைவு.

அந்த நாற்பது வருஷத்தில் எய்லிஃப் தன் வேலையைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. இங்கே யாரும் சொல்வதில்லை. நன்றாகச் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம். அதனால் அவர் பேசாமலிருப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் பேசியதில்தான் வருத்தம்.

பேச்சு பதின்மூன்று வருஷத்துக்கு முன், ஓர் இலையுதிர்காலத்தில் தொடங்கியது. காக்கைப் பாறை என்று ஒரு திட்டு, ஃபியோர்டு வலப்புறம் வளையும் இடத்தில். அதன்மேல் இருக்கும் விளக்கு மூன்று நிறம் காட்டும். நடுவில் வருகிற கப்பலுக்கு வெள்ளை: வா, பயமில்லை. இடப்பக்க மலையை ஒட்டினால் சிவப்பு. வலப்பக்கம் தண்ணீருக்கடியில் ஒரு மேடு கிடக்கிறது; அந்தப் பக்கம் ஒதுங்கினால் பச்சை. வெள்ளை எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் அந்த விளக்கின் உயிரே இருக்கிறது. கண்ணாடியைப் பொருத்தியது எய்லிஃப்.

உள்ளூர்ப் படகுக்காரர்களுக்கு அங்கே விளக்கைவிடப் பழைய குறி ஒன்று உண்டு. எதிர்க்கரையில் நெஸ் வீடு. அதன் பின்னால் மேட்டில் ஒரு சிற்றாலயம். நெஸ் வீட்டுச் சமையலறை ஜன்னல் விளக்கு சிற்றாலயத்து விளக்கின் நேர்கீழே வரும்வரை வலப்பக்கம் போகலாம். நேர்கீழே வந்துவிட்டால் திருப்பிவிட வேண்டும். அப்பன் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை அடுத்தவனுக்குச் சொல்லி வந்த குறி. சமையலறை நேர்கீழே வருவதும் காக்கைப் பாறை பச்சையாவதும் ஒரே நொடியில் நடக்கும், நடந்துகொண்டும் இருந்தது. அந்த இலையுதிர்காலத்திலிருந்து நடக்கவில்லை. சமையலறை இன்னும் தள்ளி இருக்கும்போதே விளக்கு பச்சையாகிவிட்டது.

"காக்கைப் பாறை பயந்தாங்கொள்ளி ஆயிடுச்சு" என்றார் விரைவுப் படகு ஓட்டும் மாக்னார், கூட்டுறவுக் கடை வாசலில். "வெச்ச ஆளு மாதிரியே."

சிரித்தார்கள். அதோடு போயிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஜல்லி ஏற்றிய படகு ஒன்று அந்த மேட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, இரும்புத்தகடு இரண்டு போயிற்று. பச்சை தெரிந்ததாம், ஆனால் அந்த விளக்கு எப்போதுமே முந்திக்கொள்ளும் என்பதால் யாரும் மதிப்பதில்லையாம். பொறியாளர்கள் இரண்டு பேர் ஜூன் மாதத்தில் கருவியோடு வந்து பாறைமேல் அளந்தார்கள். 'அனுமதித்த அளவுக்குள் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஊரில் அதற்கும் பதில் இருந்தது: "பகல்ல அளந்தா எல்லா விளக்கும் சரிதான்."

பிறகு எது கோணலாக இருந்தாலும் எய்லிஃப் பெயர் வந்தது. சமூகக்கூடத்தில் படம் சாய்ந்திருந்தால், "எய்லிஃப் மாட்டினானா?" வேலிக்கம்பு வளைந்திருந்தால், "எய்லிஃப் நட்டானா?" அவர்கள் மகள் கல்யாணத்தில் மூன்றடுக்குக் கேக் ஒரு பக்கம் சரிந்தபோது, கூடத்தில் நாற்பது பேர் ஒரே சமயத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாள் படகு எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமில்ல?" என்று குன்வோர் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"போய்ப் பாத்தா எனக்கே சந்தேகம்னு ஆயிடும்" என்பார். ஓய்வு பெற்று ஐந்து வருஷமான பிறகும் அதே பதில். ஆனால் அவருக்குச் சந்தேகம் இருந்தது. பக்கத்தில் படுப்பவளுக்கு அது தெரியாதா.

அதனால்தான் அந்த அக்டோபரில், நாற்பதாவது கல்யாண நாளைச் சாக்காக வைத்து, குன்வோர் இரண்டு டிக்கெட் வாங்கினாள். வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓர் இரவும் ஒரு காலையுமாக ஃபியோர்டைச் சுற்றிக் காட்டும் சின்ன வெள்ளைக் கப்பல். பன்னிரண்டு அறை. பருவத்தின் கடைசிப் பயணம்.

எய்லிஃப் டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"நம்ம ஃபியோர்டைப் பாக்க நாமளே காசு குடுக்கறதா? ஜன்னலைத் தொறந்தா ஓசியிலயே தெரியுதே."

"ஜன்னல்ல காக்கைப் பாறை தெரியாது."

ரொட்டி மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மென்றது.

"எத்தனை மணிக்கு அதைத் தாண்டுது?"

"ஏழு மணிக்கு. நல்ல இருட்டு. கேட்டுத்தான் வாங்கினேன்."

"கெட்டிக்காரி" என்றார். பாராட்டா திட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கப்பலில் ஏறும்போது எய்லிஃப் கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டிப் பொட்டலம் இருந்தது. பழுப்புப் பாலாடைக்கட்டி, எட்டுத் துண்டு.

"சாப்பாடு டிக்கெட்லயே சேர்த்தி, எய்லிஃப்."

"எவ்வளவு போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்."

போட்டார்கள். முட்டைக்கோஸோடு வெந்த ஆட்டுக்கறி, எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. மற்ற மேசைகளில் ஜெர்மன்காரர்கள் நிதானமாகக் குடித்து நிதானமாகத் தின்றார்கள். எய்லிஃப் ஏழு நிமிஷத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்விட்டார். குன்வோர் பின்னாலேயே போனாள். மலைகள் கறுத்துவிட்டிருந்தன. உச்சியில் மட்டும், புதுப் பனி விழுந்த இடத்தில், பகல் மிச்சமிருந்தது. அருவிகளைக் கண்ணால் பார்க்க முடியாமல், இருட்டுக்குள் எங்கேயோ விழும் சத்தமாகத்தான் கடந்தார்கள்.

முதல் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. எய்லிஃப் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"காத்துப் பக்கம் பெயிண்ட் உரிஞ்சிருக்கு" என்றார்.

"இந்த இருட்டுல அது எப்படிய்யா தெரியுது?"

"தெரியலை. உரிஞ்சிருக்கும்."

அவள் அவரை அங்கேயே விட்டுவிட்டு, சுக்கான் அறைக் கதவைத் தட்டினாள். கேப்டன் ஒரு இளம்பெண். சுன்னிவா என்று பெயர். வெளித்தீவுகளைச் சேர்ந்தவள், இந்த ஃபியோர்டில் நாலாவது பருவம். குன்வோர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள்: என் வீட்டுக்காரர் விளக்கு வேலையில் இருந்தவர், மேலே நின்று பார்க்க ஆசைப்படுகிறார். ஆசைப்படுவதாக அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"தாராளமா வரச்சொல்லுங்க" என்றாள் சுன்னிவா.

சுக்கான் அறை இருட்டாக இருந்தது. திரைகளின் வெளிச்சத்தையும் மட்டாக வைத்திருந்தார்கள். எய்லிஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றார், வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவர்போல. வளைவு நெருங்கியது. முன்னால், தண்ணீரின் மட்டத்தில், ஒரு வெள்ளைப் பொட்டு எரிந்து அணைந்து எரிந்தது. குன்வோருக்கு அது எந்த விளக்கு என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தொப்பி அவர் விரல்களுக்கிடையே சுற்றத் தொடங்கியிருந்தது.

"நீங்க அந்த வேலைதானே பாத்தீங்க" என்றாள் சுன்னிவா, கண்ணை முன்னாலிருந்து எடுக்காமல். "அப்ப காக்கைப் பாறைக்குக் கண்ணாடி வெச்ச ஆளைத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"எப்படிப்பட்ட ஆளு?"

எய்லிஃப் யோசித்தார். "அதிகமா பேசமாட்டான்."

"அவரு விளக்கு ரொம்பப் பேசுதே. வந்த முதல் வருஷமே எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. இங்க விளக்கைப் பாக்காதே, சமையலறையைப் பாருன்னு." அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "இப்ப பாருங்க, நானே காட்டறேன்."

அவள் சுக்கானை லேசாக வலப்பக்கம் விட்டாள். அறையில் இயந்திரத்தின் அதிர்வு மட்டும் கேட்டது. வெள்ளை. வெள்ளை. வெள்ளை. பிறகு, ஒரு மூச்சு நேரம் நிறம் கலங்கி, பச்சை.

"பாத்தீங்களா? பச்சை ஆயிடுச்சு. ஆனா அங்க பாருங்க." சுன்னிவா எதிர்க்கரையைக் காட்டினாள். மேலே சிற்றாலயத்தின் விளக்கு. அதற்குக் கீழே, நன்றாக வலப்பக்கம் தள்ளி, மஞ்சளாக ஒரு ஜன்னல். கீழே இருட்டில் வீடு தெரியவில்லை, ஜன்னல் மட்டும்தான். "சமையலறை இன்னும் நேர்கீழே வரலை. இன்னும் நாப்பது அம்பது மீட்டர் போகலாம். எல்லாரும் போவாங்க."

 எய்லிஃபின் கையில் தொப்பி சுற்றுவது நின்றுவிட்டது. குன்வோர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தன்னைக் கூட்டிவந்தவளை அவர் பார்க்க நேரும். பதின்மூன்று வருஷம் தன் வாயால் ஒத்துக்கொள்ளாததை, இப்போது கண்ணால் ஒத்துக்கொண்டு நிற்கிறார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன், கல்யாண நாள் பரிசு என்று சொல்லி. அவள் அந்த மஞ்சள் ஜன்னலையே வெறித்துப் பார்த்தாள், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல். அந்த ஜன்னல் தட்டில் இருப்பது, இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இரண்டு பூத்தொட்டி, நடுவே குண்டு விளக்கு. தொட்டியில் என்ன செடி என்றுகூட அவளுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியே அதைக் கொல்லப் பார்க்கிறாள் என்று வீட்டுக்காரி ஓஸ்லாவோடு சண்டை போட்டிருக்கிறாள். படகுக்காரர்கள் குறி வைப்பது அந்த ஜன்னலை என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"நீங்க சொல்ற சமையலறை எது?" என்றாள் குன்வோர். "புதுசா, பழசா?"

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நெஸ் வீட்டுச் சமையலறை" என்றாள் சுன்னிவா.

"அதான் கேக்கறேன். பழைய சமையலறை வீட்டோட இந்தக் கோடியில, இடப்பக்கம் இருந்துச்சு. ஓஸ்லாவுக்குக் காலை வெயில்ல காபி குடிக்கணும்னு ஆசை. வலப்பக்கம் புதுசா ஒரு கட்டு சேத்து, சமையலறையை அங்க கொண்டுபோயிட்டா. பழைய இடம் இப்ப படுக்கையறை, இருட்டினதும் திரையை இழுத்துவிட்டுடுவாங்க. அது புதுச் சமையலறை ஜன்னல்."

"எப்ப மாத்தினாங்க?" எய்லிஃபின் குரல் எங்கிருந்தோ வந்தது.

குன்வோர் கணக்குப் போட்டாள். மகளுக்கு நிச்சயம் ஆவதற்கு முந்தின வருஷம். புதுச் சமையலறையில் அவள்தான் முதல்முதல் ஓஸ்லாவுக்கு முடி வெட்டினாள். தண்ணீர்க்குழாய் இணைக்கவில்லை, தலை கழுவக் குளியலறையிலிருந்து வாளியில் சுமந்துவந்தாள், சுவரெல்லாம் சிமெண்டுத் தூசி.

"பதிமூணு வருஷம்" என்றாள். "செப்டம்பர்ல."

 சுன்னிவாவின் கண் ஆழம் காட்டும் திரைக்குப் போயிருந்தது. எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கை சுக்கானை இடப்பக்கம் ஒடித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, கீழே சாப்பாட்டறையில் எதுவோ உருண்டது. விளக்கு மறுபடி வெள்ளையானது.

"நான் இந்த இடத்துல திரையைப் பாத்ததே இல்லை" என்றாள் சுன்னிவா மெல்ல. "வரைபடத்துல விளக்கோட எல்லைக்கோடு போட்டே இருக்கு. நாலு வருஷமா ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." பிறகு, "உள்ளூர்க்காரங்க சொன்னாங்களேன்னு..." என்று இழுத்தாள்.

"உள்ளூர்க்காரங்க யாரும் ஓஸ்லாவ் வீட்டுக்குள்ள போனதில்லை" என்றாள் குன்வோர். "படகுத்துறையோட நின்னுடுவாங்க. ஆம்பளைங்க."

"இன்னொரு தடவை போவோம்" என்றாள் சுன்னிவா.

கப்பல் ஃபியோர்டின் நடுவே முழு வட்டம் போட்டு, மறுபடி அதே வழியில் விளக்கை நோக்கி வந்தது. தளத்தில் காலடிச் சத்தம். திமிங்கிலம் தெரிந்துவிட்டது என்று நினைத்து ஜெர்மன்காரர்கள் கேமராவும் கழுத்துத்துணியுமாக ஓடிவந்து இரண்டு பக்கமும் கம்பியில் தொங்கினார்கள். ஒருவர் மேலே பார்த்து, எந்தப் பக்கம் என்று கையால் கேட்டார். சுன்னிவா கையால் முன்னால் காட்டினாள், அது பொய்யும் இல்லை.

"நான் திரையைப் பாக்கறேன். நீங்க விளக்கைப் பாருங்க" என்றாள் எய்லிஃபிடம். அவர் இப்போது மூலையில் இல்லை, முன் கண்ணாடியில் நெற்றி படும் தூரத்தில் நின்றார். வேகம் மிகவும் குறைந்தது. தண்ணீர் கப்பலின் உடம்பில் உரசும் ஒலிகூடக் கேட்டது.

"கோட்டுக்கு முப்பது மீட்டர்" என்றாள் சுன்னிவா.

"வெள்ளை" என்றார் எய்லிஃப்.

"இருபது."

"வெள்ளை."

"பத்து."

"வெள்ளை."

"அஞ்சு. தொடுது. தொட்டா..."

"பச்சை" என்றார் எய்லிஃப்.

 பாறைமேல் விளக்கு அணைந்து மறுபடி பச்சையாய் எரிந்தது, அவசரமே இல்லாமல். எய்லிஃப் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடி சுத்தமா இருக்கு" என்றார். "புதுப் பசங்க நல்லாத் தொடைக்கிறாங்க."

குன்வோருக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. "பதிமூணு வருஷம் கழிச்சு இதான் உனக்குச் சொல்லத் தோணுதா, கிழவா?"

"எச்சம் படிஞ்சிருந்தா நிறம் இவ்வளவு சட்டுனு மாறாது" என்று விளக்கினார். ஆனால் கண்ணை விளக்கிலிருந்து எடுக்கவில்லை. 

சுன்னிவா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குன்வோரைப் பார்த்தாள். "அந்த அதிகமா பேசாத ஆளு..." என்றாள்.

"ம்" என்றார் எய்லிஃப்.

அவள் காதுவரை சிவந்திருப்பாள், இருட்டில் தெரியவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வானொலியின் ஒலிவாங்கியை எடுத்து விரைவுப் படகைக் கூப்பிட்டாள். இந்த நேரத்தில் அதுவும் ஃபியோர்டுக்குள்தான் எங்கோ வந்துகொண்டிருக்கும். அந்த அலைவரிசையை எல்லாப் படகும் திறந்தே வைத்திருப்பார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மாக்னார்தான். கேக்குது, சொல்லு."

"காக்கைப் பாறை விளக்கு சரியா இருக்கு. வரைபடக் கோட்டுல வெச்சுப் பாத்துட்டேன். ஒரு மீட்டர்கூட மாத்தமில்லை. நெஸ் வீட்டுச் சமையலறைதான் நகர்ந்திருக்கு."

இரைச்சல். "சமையலறை எப்படிம்மா நகரும்?"

"ஓஸ்லாவ் வலப்பக்கம் புதுசாக் கட்டியிருக்காங்க. பதிமூணு வருஷம் ஆச்சாம். காலை வெயிலுக்காக."

"யாரு சொன்னா?"

"அவங்களுக்கு முடி வெட்டறவங்க."

நீண்ட இரைச்சல். இரண்டு மலைக்கு நடுவே ஒரு மனிதர் பதின்மூன்று வருஷத்தைப் பின்னோக்கிப் போய்வரும் அளவுக்கு நீளம்.

"அங்க எய்லிஃப் இருக்கானா?"

சுன்னிவா ஒலிவாங்கியை நீட்டினாள். எய்லிஃப் அதை வாங்கி, பழைய வழக்கப்படி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"இருக்கேன்."

"ஜல்லிப் படகுக்காரன் சமையலறையைப் பாத்துத்தான் போயிருக்கான்."

"ஆமா."

"விளக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு அவனுக்கு."

"ஆமா."

"உன் பொண்ணு கல்யாணத்துக் கேக்குக்குக்கூட உன்னைத்தானேடா சொன்னோம்."

"கேக் சாஞ்சது பேக்கரிக்காரன் தப்பு" என்றார் எய்லிஃப்.

வானொலியில் ஒரு சிரிப்பு உடைந்தது. பிறகு மாக்னாரின் குரல் மாறியது, அலுவலகக் குரல்போல, ஒவ்வொரு சொல்லாக. "எல்லாப் படகுக்கும். காக்கைப் பாறையில இனிமே விளக்கைப் பாருங்க. விளக்கு சரி. சமையலறை தப்பு. கேட்டவங்க சொல்லுங்க."

குன்வோர் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. இருட்டிலிருந்து குரல்கள் வரத்தொடங்கின. "கேட்டேன்" என்றது ஒன்று, மீன்பண்ணைப் படகு. "கேட்டேன்" என்றது கார் ஏற்றும் படகு. "கேட்டேன், எய்லிஃப்" என்று யாரோ. பெயர் தெரியாத குரல். ஃபியோர்டின் வாயிலிருந்து, மலைகளைத் தாண்டி உடைந்து உடைந்து இன்னொன்று. எந்தப் படகும் கண்ணுக்குத் தெரியவில்லை. எய்லிஃப் ஒலிவாங்கியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார், ஒவ்வொரு குரலுக்கும் லேசாகத் தலையாட்டியபடி, அவர்கள் எதிரில் நிற்பதைப்போல. குன்வோர் எண்ணினாள். ஏழு.

பிறகு அவர் சுக்கான் அறையில் நிற்கவில்லை. தளத்துக்குப் போனார். திமிங்கிலம் வராத ஏமாற்றத்தில் பயணிகள் இன்னும் கம்பியோரம் நின்றிருந்தார்கள். அடுத்த வளைவை நோக்கிக் கப்பல் வேகமெடுத்தது.

"அடுத்தது தொப்பிக்கல்" என்றார் எய்லிஃப். யாரிடம் என்றில்லாமல், ஆனால் சத்தமாக. "அந்தக் கறுப்பு மலைமூக்கைத் தாண்டினதும். சிவப்பா வரும், உடனே வெள்ளையாகும்."

வந்தது. சிவப்பாக வந்து வெள்ளையானது.

மழைக்கோட்டு போட்ட ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி அவர் கை போன திசையைப் பார்த்தார். தன் கணவரைக் கூப்பிட்டார். எய்லிஃப் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஜெர்மனில், மிச்சத்தைக் கையால், அதற்கடுத்த விளக்கைச் சொன்னார்: ரெண்டு தரம் சிமிட்டும், அப்புறம் நிறுத்தும். இருட்டைப் பார்த்து விரலை நீட்டி, காத்திருந்து, "இப்ப" என்றார். இரண்டு சிமிட்டல். கம்பியோரம் ஒரு சின்ன வியப்பு ஓடியது. இன்னும் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த பாறையில் சறுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்த கதையை விலாவைத் தொட்டே சொன்னார். ஆட்டுக்காது முனையில் ஒரு கோடைமுழுக்கத் தன்னைக் கொத்தவந்த பறவையை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். குன்வோர் இந்தக் கதைகளில் பாதியைக் கேட்டதே இல்லை. நாற்பது வருஷமாக இவை எங்கே இருந்தன என்று அவளுக்கு விளங்கவில்லை.

யாரோ காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைக் குடிக்க மறந்து, அதே கையால் அடுத்த இருட்டைக் காட்டினார். காபி தளத்தில் சிந்தியது.

மழைக்கோட்டுப் பெண்மணி குன்வோர் பக்கம் சாய்ந்து, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். இவர் கப்பல் ஆளா, இதுவும் டிக்கெட்டில் சேர்த்தியா என்று.

"இல்லைங்க" என்றாள் குன்வோர். "என் வீட்டுக்காரர். இந்த விளக்கெல்லாம் இவருதுதான்."

அவள் சொன்னது அந்த அம்மாளுக்குக் கேட்டால் போதும். ஆனால் தளத்தில் எல்லாருக்கும் கேட்டது.